மஞ்சளாத்தூரில் இறக்கி வைக்கப்பட்ட முழங்கால்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு முழங்கால் இருந்ததாம். மற்ற எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு இருந்தாலும், ஊர் மொத்தமும் தன்னுடையது என்று நினைத்தது அந்த ஒன்றைத்தானாம். அது மழைக்கு முன்னால் வீங்குமாம், அரையிறுதியில் திரும்புமாம், அது திரும்பிய அன்றைக்கு ஊரில் ஒருத்தருக்கும் சோறு இறங்காதாம்.

ஊரின் பெயர் மஞ்சளாத்தூர். மலையடிவாரத்து ஊர். அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகியதும் தலையைத் தூக்கிக் கூடைப்பந்து மைதானத்து ரிங்கைப் பார்ப்பார்கள். கிழவர்கள் கண் மங்கிய பிறகும் பந்து வலைக்குள் விழும் சத்தத்தை வைத்தே அது போர்டில் பட்டு விழுந்ததா நேராக விழுந்ததா என்று சொல்லிவிடுவார்கள். முழங்காலுக்குச் சொந்தக்காரன் வேல்மயில், எந்த வீட்டு நிலைப்படியையும் குனியாமல் தாண்ட முடியாத உயரக்காரன், அவன் எழும்பினால் பந்துக்கும் ரிங்குக்கும் நடுவே வேறு யாருக்கும் வேலையில்லை. ஆனால் ஒவ்வொரு மே மாதமும் ஊர்க் கோப்பைக்கான போட்டியில் அணியை அரையிறுதி வரைக்கும் தோளில் தூக்கிக்கொண்டு வருவான், வந்து அங்கே இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுவான்.

விழுந்தவனை ஊர் பார்த்துக்கொண்டது. வீட்டுக்கு வீடு முடக்கத்தான் தோசை சுட்டு அனுப்பினார்கள், நொச்சியைக் கொதிக்க வைத்து ஒத்தடம் கொடுத்தார்கள், முட்டை வெள்ளையில் பத்து அரைத்துப் போட்டார்கள், மாரியம்மனுக்கு வெள்ளித் தகட்டில் கால் செய்து போட்டார்கள், அது பலிக்காதபோது இன்னும் கொஞ்சம் பெரிய கால் செய்து போட்டார்கள். மதுரையில் ஆபரேஷன் நடந்த அன்றைக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து, இதில் வேல்மயிலின் அப்பா யார் என்று கேட்டபோது பாதிப் பேர் எழுந்தார்கள். "இன்னொரு தடவை இந்த முட்டி திரும்பிச்சுன்னா, அதுக்கப்புறம் பந்தை மடியில வச்சு அழகு பார்த்துக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

எழுந்த அப்பாக்களில் முதலாவதாக எழுந்தவன் தையல்காரன் தவசி. வேல்மயிலுக்கு அண்ணன் வயசு, ஆனால் அவசரத்தில் யாருக்கும் கணக்கு ஞாபகம் இருக்காது. அணிக்குச் சட்டை தைப்பவன், கேலரியில் முதல் குரல் கொடுப்பவன், தன்னுடைய மொபெட்டின் பின்னால் வேல்மயிலை உட்கார வைத்து, அந்த நீளக் கால்கள் தார்ரோட்டில் உரசாமல் இருக்க அவற்றை ஒரு பழைய துண்டில் தொட்டில் போல் கட்டித் தூக்கிக்கொண்டு, கட்டுப் போடுகிற வைத்தியர் வீட்டுக்கு வாராவாரம் போய்வந்தவன்.

அப்பேர்ப்பட்ட தவசிக்கு, வேல்மயில் செம்மண்குளம் மில் அணிக்குப் போகிறான் என்ற செய்தி ஃப்ளெக்ஸ் போர்டு மூலமாகத்தான் தெரிந்தது. செம்மண்குளத்துக்குப் பட்டன் வாங்கப் போனவன், மில் வாசலில் மில் சட்டை போட்டுக்கொண்டு பனை உயரத்துக்குச் சிரித்த வேல்மயிலைப் பார்த்தான். பட்டன் வாங்காமல் திரும்பி வந்தான். அந்தச் சட்டையின் தோள்பட்டைத் தையல் கோணலாக இருந்தது என்பதை மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்வான்: "சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

வேல்மயில் பஸ் ஏறிய காலையில் ஊரே பஸ் ஸ்டாண்டில் நின்று வழியனுப்பியது, அதாவது வைதது. "போடா, போய் மில்லுல பஞ்சு பொறுக்கு!" என்றான் ஒருவன். "உனக்குப் பத்து அரைச்ச அம்மியைக் கொண்டுபோய் ஆத்துல போடணும்டா!" என்றாள் ஒருத்தி. வேல்மயில் தலையைக் குனிந்து பஸ்ஸுக்குள் ஏறினான், அவன் எப்போதும் குனிந்துதான் ஏறுவான் என்றாலும் அன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது. பஸ் நகரும்போது, அதுவரை வாயைத் திறக்காமல் நின்ற தவசி, ஜன்னலோரமாக ஓடிக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினான்.

"டேய், அந்த முட்டி எங்க முட்டிடா! அதை இங்க இறக்கி வச்சிட்டு நீ எங்க வேணாலும் போ!"

பஸ் போனது, புழுதி எழுந்தது, புழுதி அடங்கியது. வேல்மயில் உட்கார்ந்திருந்த சிமெண்ட் பெஞ்சில், வாழைப்பழத் தோலுக்குப் பக்கத்தில், பூரான் போன்ற ஆபரேஷன் தழும்போடு, கொஞ்சம் வீங்கினாற்போல, அந்த இடது முழங்கால் இருந்தது.

எல்லாரும் கிட்டே வந்து பார்த்தார்கள்.

"வச்சிட்டுத்தான் போயிருக்கான்" என்றார் கூடைப்பந்துக் கழகச் செயலாளர் பெத்தணன், உரக்கடை வைத்திருப்பவர், எதையும் உறுதி செய்துகொண்ட பிறகே பேசுகிறவர்.

"அப்ப அவன் எப்படிண்ணே நடப்பான்?"

"ஏய், மில்லுல பஞ்சப்படி குடுக்கிறாய்ங்க, குவார்ட்டர்ஸ் குடுக்கிறாய்ங்க, ஒரு முட்டி குடுக்க மாட்டாய்ங்களா?"

அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. முழங்காலை யார் வீட்டில் வைப்பது என்பதுதான் மஞ்சளாத்தூருக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. முதலில் கழகத்துக் கண்ணாடி அலமாரியில், இரண்டாம் பரிசுக் கோப்பைகளுக்கு நடுவே வைத்தார்கள். காற்றில்லாமல் அதற்கு வேர்த்து, கோப்பைகளில் பச்சை பிடித்தது. உரக்கடையில் மூட்டைகளின் மேல் வைத்தார்கள். யூரியா வாடை ஒத்துக்கொள்ளாமல் முழங்கால் இலவம்பஞ்சுத் தலையணை மாதிரி ஊதிவிட்டது. "கேட்டு வாங்கினவன் வச்சுக்கட்டும்" என்று கடைசியில் தவசி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தவசி மறுக்கவில்லை. துணி வெட்டும் மேசையின் ஓரத்தில், மீதித் துணிகளைக் குவித்து அதன் மேல் வைத்துக்கொண்டான். அது பூனை மாதிரி வெதுவெதுவென்று கிடந்தது.

தவசியின் பெண்டாட்டி பவளக்கொடி முதல் நாள் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "ஊர்ல பொம்பளைங்க புருசன் காலைப் புடிச்சுவிட்டுட்டுச் சலிச்சுக்கிறாளுக. நான் ஊரான் காலுக்குக் காவலா?" என்றாள். அப்புறம் அவளுக்கும் பழகிவிட்டது. மிளகாய் காயப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்ப்பாள், துடித்தால் மழை. செய்தி பரவி, வெங்காயம் அறுக்கிறவர்களும் செங்கல் சூளைக்காரர்களும் ரேடியோவை நிறுத்திவிட்டுத் தவசி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மூட்டுவலிக்காரப் பெண்கள் சாயங்காலங்களில் வந்து முழங்காலைச் சுற்றி உட்கார்ந்து, தங்கள் வலியை அதனிடம் சொல்லி ஆறுதல் பட்டுப் போனார்கள், எதிர்த்துப் பேசாத முட்டி அது ஒன்றுதான் என்றார்கள். ஒரு கல்யாண வீட்டுக்காரர் பத்திரிகையில் "தவசி குடும்பத்தார் மற்றும் முழங்கால்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படியே இருந்திருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பவளக்கொடி சோறு வடித்துவிட்டு, பானையை வைக்கப் பிரிமணையைத் தேடி, காணாமல், அவசரத்துக்கு அந்தச் சுடுபானையை முழங்கால் மேல் வைத்தாள். அதே நேரத்தில் டீக்கடையில் செல்போனைப் பாட்டிலில் சாய்த்து வைத்து, மில் அணி திருச்சியில் ஆடும் ஆட்டத்தை, அது தோற்க வேண்டும் என்பதற்காகவே பார்த்துக்கொண்டிருந்த கூட்டம், வேல்மயில் பந்தை விட்டுவிட்டு "அம்மா!" என்று இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு துள்ளுவதைக் கண்டது. போனில் அவன் அலறுவதும், எதிர் வீட்டில் பவளக்கொடி "ஐயையோ, பானை ஆடுதே!" என்று கத்துவதும் ஒன்றாகக் கேட்டன.

டீக்கடை அமைதியானது. அந்த அமைதியில் எல்லார் மனதிலும் ஒரே யோசனை ஓடியது, அது நல்ல யோசனை இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தும் இருந்தது.

மே மாதம் வந்தது. ஊர்க் கோப்பை வந்தது. வேல்மயில் இல்லாத மஞ்சளாத்தூர் அணி, யாரையும் தூக்கிக்கொண்டு ஓடும் வேலை இல்லாததாலோ என்னவோ, இந்தத் தடவை அரையிறுதியைத் தாண்டி இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டது. எதிரே செம்மண்குளம் மில். அதற்கு முந்தின நாள் கழகத்தில் கூட்டம் போட்டார்கள்.

"திருகிருவோம்" என்றார் பெத்தணன். "அவன் நம்ம மைதானத்துல, நம்ம ரிங்குல, நமக்கு எதிரா எழும்புறப்ப, திருகிருவோம்."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்லண்ணே?" என்று பின்வரிசையில் தவசி கேட்டான். "இன்னொரு தடவை திரும்புச்சுன்னா அவன் ஆட்டமே முடிஞ்சு போச்சு. வாழ்நாளைக்கும்."

"அதை மில்லுக்குப் போறதுக்கு முன்னாடி அவன்ல யோசிச்சிருக்கணும்? உனக்கு மட்டும் எரியலையாடா? உன்கிட்டக் கூட ஒரு வார்த்தை சொல்லலை."

எரிந்தது. தவசி வாயை மூடிக்கொண்டான்.

ஆனால் யார் திருகுவது? பெத்தணனுக்கு மகள் கல்யாணம் இருந்தது, அந்த நேரத்தில் கால் சாபம் கூடாது. கான்ஸ்டபிள் கருத்தப்பாண்டிக்குப் பதவி உயர்வு வருகிற சமயம். பேசிப் பேசிக் கடைசியில், பாவத்தைப் பங்கு போட்டுக்கொள்வது என்று முடிவானது. கேலரியில் கையிலிருந்து கைக்கு முழங்காலை அனுப்புவது, ஆளுக்குக் கொஞ்சம் திருகுவது, ஆளுக்குக் கொஞ்சம் திருகினால் பாவமும் ஆளுக்குக் கொஞ்சம்தான்.

மறுநாள் சாயங்காலம் மைதானத்து விளக்குகள் எரிந்தன, ஈசல்கள் வந்தன, மேளம் அடித்தது. மில் சட்டையில் வேல்மயில் இறங்கியபோது ஊர் எழுந்து நின்று கூவியது. அவன் கேலரி பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம் பார்க்கவில்லை. தவசி மஞ்சள் பையிலிருந்து முழங்காலை எடுத்து முதல் வரிசையில் கொடுத்தான்.

முதலில் வாங்கியவர் கருத்தப்பாண்டி. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார், பல்லைக் கடித்தார், அப்புறம் நெற்றியைச் சுருக்கினார். "யோவ், இந்த ஓரம் கட்டியா இருக்குய்யா" என்று கட்டை விரலால் மெல்ல நீவினார். பக்கத்து ஆள் "சீக்கிரம் திருகிட்டுக் குடுங்க" என்று பிடுங்கி, பிடுங்கிய வேகத்தில் மடியில் வைத்து, "நீங்க அமுக்குறது தப்பு, கீழேயிருந்து மேலே வரணும்" என்று கீழேயிருந்து மேலே வந்தான். பூக்கடை செண்பகம் வாங்கி, வசவு ஒன்றை ஆரம்பித்து, பாதி வசவில் அதன் மேல் வாயால் ஊதினாள். ஒருவர் தைலம் எடுத்தார். ஒருவர் தன் தோள்துண்டை நாலாக மடித்து, டீயில் நனைத்து, ஒத்தடம் கொடுத்தார். வைகிற வாய் வைதுகொண்டே இருந்தது. "நன்றி கெட்ட பய... வலிக்குதாடா... மில்லு சோறு ருசிக்குதோ உனக்கு... இங்கதான், இந்த நரம்புதான்..." என்று வரிசை வரிசையாக முழங்கால் ஏறிப் போயிற்று, கேலரி முழுக்க யூகலிப்டஸ் வாடை அடித்தது.

கீழே ஆட்டத்தில், முதலில் கனமாக ஓடிக்கொண்டிருந்த வேல்மயில் கொஞ்ச நேரத்தில் லேசாக ஓடினான், அப்புறம் எழும்பினான், அப்புறம் மேலேயே கொஞ்சம் தங்கினான். பந்து வலையில் விழுந்த சத்தம் கேட்டுக் கிழவர்கள் தலையை ஆட்டினார்கள், நேராக விழுகிறது என்று.

"என்னய்யா பண்றீங்க?" என்று பெத்தணன் மேல் படிக்கட்டிலிருந்து அலறினார். "திருகச் சொன்னா ஊரே உக்காந்து உருவி விட்டுட்டு இருக்கீங்க!"

"கை பழகிப்போச்சுண்ணே" என்றார் கருத்தப்பாண்டி. "இந்த முட்டியைப் புடிச்சா கைக்கு வேற எதுவும் வரலை."

ஆட்டம் முடியப் போகிற நேரம். மஞ்சளாத்தூர் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது. ஊர் அணியின் கோச் டைம்-அவுட் கேட்டார். பெத்தணன் முழங்காலைப் பிடுங்கி வந்து தவசியின் காலடியில், சிமெண்ட் படியில் வைத்தார்.

"கையால ஆகாது. நீ கேட்ட முட்டி. நீயே மிதி. ஒரே மிதி. கோப்பை நம்ம ஊருக்கு."

கேலரி முழுக்கத் திரும்பித் தவசியின் காலைப் பார்த்தது. தவசி முழங்காலைப் பார்த்தான். தைலத்தில் அது மினுமினுத்தது. செருப்போடு காலைத் தூக்கினான். அவன் கால் அப்படியே கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது, தையல் இயந்திரம் மிதித்து மிதித்து மெலிந்த கால். பிறகு பக்கத்தில் வைத்தான்.

"என் காலுக்கு வெயிட்டு பத்தாதுண்ணே" என்றான். "அரைகுறையா மிதிச்சா அவன் எந்திரிச்சுருவான். ஒரே மிதியில முடியணும்னா மொக்கராசைக் கூப்பிடுங்க."

அதுவும் சரிதான் என்று எல்லாருக்கும் பட்டது. மொக்கராசு அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன், தோளில் இரண்டு மூட்டையும் வாயில் ஒரு வெற்றிலையுமாக லாரி ஏறுகிறவன், ஆட்டம் பார்க்க வந்து எப்போதும் தூங்கிவிடுகிறவன். அவனை எழுப்பிக் கூட்டி வந்தார்கள்.

"எதை மிதிக்கணும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

காட்டினார்கள். விசில் ஊதியது, பந்து வேல்மயில் கைக்கு வந்தது, அவன் இடது காலை ஊன்றினான். "இப்ப!" என்றார் பெத்தணன். மொக்கராசு மிதித்தான்.

படக் என்று ஒரு சத்தம். மேளக்காரர்கள் கூட நிறுத்திவிட்டார்கள். சில பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். தவசி மூடவில்லை.

வேல்மயில் எழும்பினான். ஊர் அவனை இத்தனை வருஷம் பார்த்ததில் அவன் அவ்வளவு உயரம் போனதில்லை. விளக்கைச் சுற்றிய ஈசல்கள் விலகி வழி விட்டன என்று அப்புறம் சொன்னார்கள். போர்டைத் தொடாமல் பந்து வலைக்குள் இறங்கியது. அவன் இடது காலில், அந்த ஒற்றைக் காலில், வந்து இறங்கி அசையாமல் நின்றான். விசில் நீளமாக ஊதியது. கோப்பை செம்மண்குளத்துக்குப் போய்விட்டது.

அந்த நிசப்தத்தில், கீழ் வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மொக்கராசின் அம்மா வெள்ளத்தாயி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அட கூறுகெட்ட மக்கா! சுளுக்கு எடுக்கணும்னா வீட்டுக்குக் கொண்டாந்திருக்கக் கூடாதா? என் மகன் தலை வர்றதுக்கு முன்னாடி காலு வந்து பொறந்தவன்ல! அவன் மிதிச்சு எந்தச் சுளுக்கு நின்னுருக்கு?"

ஊருக்கே தெரிந்த விஷயம். இடுப்புப் பிடித்தவனும் கழுத்துத் திரும்பாதவனும் கால் முந்திப் பிறந்த மொக்கராசிடம் மிதி வாங்கத்தான் அவள் வீட்டு முன்னால் வரிசையில் படுத்துக் கிடப்பார்கள். கோபத்தில் மறந்து போயிருந்தார்கள்.

"அப்ப இத்தனை வருசம் ஏன் ஆத்தா சொல்லலை?" என்று செண்பகம் கேட்டாள்.

"சொல்லலையா? நானா சொல்லலை? ஒவ்வொரு மே மாசமும் கெஞ்சினேன், ஒரே ஒரு மிதி மிதிக்கட்டும்னு. புள்ளைக்கு வலிக்கும், புள்ளைக்கு வலிக்கும்னு ஒருத்தராச்சும் கிட்ட விட்டீங்களா?"

ஒவ்வொருவராகத் தவசியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டேய்" என்றார் பெத்தணன். "உனக்கு ஞாபகம் இருந்துச்சாடா?"

"வெயிட்டான ஆளு கேட்டீங்க. சொன்னேன்."

பெத்தணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கருத்தப்பாண்டி தைல டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். வைதுகொண்டே ஊர் கலைந்தது, ஆனால் போன தடவை மாதிரி இல்லை, வாய் ஓய்ந்த வசவு, இடையிடையே "என்னா எழும்பு எழும்புனான்யா" என்று யாரோ வாய்தவறிச் சொல்ல, பக்கத்து ஆள் முறைக்கிற வசவு.

தவசி மட்டும் படியில் உட்கார்ந்திருந்தான். வேல்மயில் கோப்பைக் கூட்டத்திலிருந்து விலகி, படியேறி வந்து, நடுவில் முழங்காலை விட்டுவிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் இருவரும் எதிரே ரிங்கைப் பார்த்தார்கள்.

"அண்ணே."

"தோள்பட்டைத் தையல் கோணலா இருக்கு."

"தெரியும்ணே. கையைத் தூக்கினா இழுக்குது." வேல்மயில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "உங்ககிட்ட சொல்லணும்னு மூணு தடவை கடை வாசல் வரைக்கும் வந்தேன்ணே."

"வந்தவன் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீங்க, போடா, நல்ல வேலைடா, போய்ப் பொழைச்சுக்கன்னு சொல்லிருவீங்க. நீங்க அப்படிச் சொன்னதுக்கு அப்புறம் எனக்குப் போக மனசு வருமா?"

தவசி தன் காலடியைப் பார்த்தான்.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றான். "செருப்பைக் கழட்டியிருப்பேன்."

"அதையும் யோசிச்சேன்ணே."

தவசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை மறைக்க மூக்கைச் சிந்தினான். இருவருக்கும் நடுவில் கிடந்த முழங்கால் அப்போதுதான் அசைந்தது. வீக்கம் வற்றி, தழும்பு வெளுத்து, வலி என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. இது யாருடையது என்று கேட்டால் இப்போது இருவருக்கும் சொல்லத் தெரியாது. அது படியின் ஓரத்துக்கு நகர்ந்தது, அடுத்த படிக்குக் குதித்தது, அதற்கடுத்த படிக்கும் குதித்தது, மைதானத்தின் குறுக்கே தத்தித் தத்திப் போய், நின்று, ரிங்குக்குக் கீழே ஒரே ஒரு தடவை உயர எழும்பிப் பார்த்து, பிறகு வாசல் வழியே, ஊர்ப்பக்கமும் இல்லாமல் மில் பக்கமும் இல்லாமல், மலைப் பாதையில் ஏறிவிட்டது.

"அண்ணே, போகுதுண்ணே! புடிப்பமா?"

"விடுடா" என்றான் தவசி. "சொல்லாமப் போற கூட்டத்துல அதுவும் ஒண்ணு."

மில் வேன் ஹாரன் அடித்தது. வேல்மயில் எழுந்து, சட்டையைக் கழற்றித் தவசியின் மடியில் போட்டான். "ஞாயித்துக்கிழமை வர்றேன், பிரிச்சுத் தச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு, பனியனோடு, இரண்டு காலையும் ஒரே மாதிரி ஊன்றிப் படியிறங்கிப் போனான். வேனின் பின் விளக்கு வளைவில் மறைந்தது. தவசி சட்டையைத் திருப்பி, தோள்பட்டைத் தையலை விரலால் நெருடிப் பார்த்து, "எந்தக் கழுதை தச்சான்" என்று தனக்குள் வைதுகொண்டே எழுந்து, மடித்துக் கக்கத்தில் வைத்து, வீட்டைப் பார்க்க நடந்தான்.